சபத் இரவில் ஒரு விளக்கு: வாசகர் கேள்வி, என் பதில்

இரண்டு இதழ்களுக்கு முன் ஒரு பதிலில், நான் லண்டனில் மிட்வைஃபாக வேலை பார்ப்பதையும் என் வார்டுக்கு யூதக் குடும்பங்கள் நிறைய வருவதையும் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். நர்ஸ் வேலைக்கு இங்கே வந்து சேர்ந்த நம் பிள்ளைகள்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை அந்தக் கேள்விகள் மட்டும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வடக்கு லண்டனில் ஹாக்னி பக்கம் ஸ்டாம்ஃபோர்ட் ஹில் என்று ஓர் இடம், ஐரோப்பாவிலேயே பெரிய ஹசிதிக் யூத சமூகம் அங்கேதான் இருக்கிறது. வீட்டில் யித்திஷ் பேசுவார்கள், மதச் சட்டத்தை நாள் முழுக்க, சின்ன விஷயம் வரைக்கும் கடைப்பிடிப்பார்கள், ஆறு ஏழு பிள்ளைகள் என்பது அங்கே சாதாரணம்.

அக்கா, நான் மதுரையில் படித்துவிட்டு இங்கே பிரசவ வார்டில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு யூதத் தம்பதி வந்தார்கள். மனைவி வலியில் துடிக்கிறாள், கணவர் மூலையில் திரும்பி நின்று புத்தகம் வாசிக்கிறார். கையைக்கூடப் பிடிக்கவில்லை. தண்ணீர் கொடுங்கள் என்றேன், டம்ளரை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இது நம்மூர்த் தீட்டு மாதிரியா?
(செவிலியர், லண்டன்)

கோபம் வந்ததை ஒளிக்காமல் எழுதினாயே, நன்றிம்மா. எனக்கும் வந்திருக்கிறது. கோபத்தோடு நிற்காமல் ஒரு தப்பும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், விடியற்காலை மூன்று மணி, தலைப்பிரசவம், சின்னப் பெண். அவள் கணவன் சுவரைப் பார்த்து முன்னும் பின்னும் அசைந்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தான். நான் போய், 'வந்து கையைப் பிடிங்க, உங்க குழந்தைதானே' என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவன் முகம் சிவந்துபோனது. அந்தப் பெண் ஒரு வலி முடிந்து அடுத்தது வருவதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டே, 'பரவாயில்லை, அவர் எனக்காகத்தான் செய்துகொண்டிருக்கிறார்' என்றாள். வலியில் கிடக்கிறவள் எனக்குச் சமாதானம் சொல்லும்படி ஆக்கிவிட்டேனே என்று அன்றைக்கு முழுக்க மனசு ஆறவில்லை.

விஷயம் இதுதான். மாதவிடாய் உதிரமோ பிரசவ உதிரமோ தொடங்கிவிட்டால் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் தொடக் கூடாது என்பது தோரா என்ற அவர்கள் வேதத்திலிருந்து வரும் விதி. நித்தா என்பார்கள். உதிரம் நின்று, அப்புறம் ஏழு நாள் சுத்தமாகக் கழிந்து, மிக்வே என்ற குளத்தில் அவள் முழுகி எழும் வரை அது இருக்கும். பிரசவத்தில் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்பதில் ரபிகள் என்ற மதகுருக்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு: பனிக்குடம் உடைந்ததும் என்பார்கள் சிலர், வலி நெருக்கி நடக்க முடியாமல் போகும்போது என்பார்கள் சிலர், ரத்தம் கண்டால்தான் என்பவர்களும் உண்டு. தொடுவது மட்டுமில்லை, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நேராக ஒரு பொருளைக் கொடுப்பதும் கிடையாது. அதனால்தான் டம்ளர் மேசைக்குப் போனது. அவள் எடுத்துக் குடிக்கட்டும் என்றுதான் வைத்தார். குழந்தை வெளியே வரும் நேரத்தில் பார்க்கவும் மாட்டார்கள், திரும்பி நிற்பார்கள், இல்லாவிட்டால் திரைக்கு அந்தப் பக்கம் போவார்கள். கையில் இருந்த சின்னப் புத்தகம் தெஹிலிம், நம் கிறிஸ்தவ வீடுகளில் சங்கீதம் என்கிறோமே, அதுதான். அறைச் சுவரில் 121ஆம் சங்கீதம் அச்சடித்த அட்டையை ஒட்டலாமா என்று கேட்பார்கள், ஒட்டவிடு.

தீட்டு என்று கேட்டிருக்கிறாய். அந்தச் சொல்லை இங்கே கொண்டுவராதே என்பேன். நம் ஊரில் தீட்டு என்றால் பெண்ணைக் கொல்லைப்புறத்தில் உட்கார வைத்தது, தனித் தட்டு, சாதி எல்லாம் கூடவே வரும். இங்கே அந்தப் பெண் சமைக்கிறாள், பிள்ளைகளைத் தூக்குகிறாள், அம்மாவும் தங்கச்சியும் அவளைக் கட்டிக்கொள்கிறார்கள். விதி கணவன் மனைவிக்கு நடுவில் மட்டும். அதில் மனக்குறை உள்ள பெண்களும் அங்கே உண்டு, அதுதான் தங்கள் கல்யாண வாழ்க்கைக்கு அழகு என்று சொல்கிறவர்களும் உண்டு, நான் இரண்டு பேரையும் பார்த்திருக்கிறேன். பிரசவ அறையில் நின்றுகொண்டு நாம் அதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியது வேறு. அவள் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும், அதை நீ கொடு. கூட அம்மாவோ அக்காவோ, அந்தச் சமூகத்தின் டூலாவோ (பிரசவத்தில் துணை நிற்கும் பெண்) வந்திருந்தால், 'ஒருவர்தான் இருக்கலாம்' என்று வெளியே அனுப்பிவிடாதே. கணவரை அந்த ஒருவராகக் கணக்கில் எடுத்தால் அவள் முதுகைத் தேய்த்துவிட அறையில் ஆளே இருக்காது. திரைக்குப் பின்னால் நிற்கிற மனிதருக்கு அவ்வப்போது ஒரு வார்த்தை சொல், 'நன்றாக இருக்கிறாள், இன்னும் கொஞ்ச நேரம்' என்றால் போதும், அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்பரிசோதனை செய்தால் ரத்தம் பார்த்தாயா, அது கருப்பையிலிருந்து வந்ததா, இல்லை கை பட்டு உரசியதால் வந்ததா என்று தெளிவாகச் சொல்லிவிடு, ஏனென்றால் காயத்து ரத்தத்துக்கு நித்தா கிடையாது, அந்த ஒரு தகவலை வைத்துத்தான் அவர்கள் ரபியிடம் போனில் கேட்பார்கள்.

அப்புறம் குழந்தை. அம்மா கையிலிருந்து அப்பா நேராக வாங்க மாட்டார். நீ அம்மாவிடமிருந்து வாங்கி அப்பா கையில் கொடு. யாரும் எதுவும் சொல்லாமல் நீயாகவே அப்படிச் செய்துபார், அந்த இரண்டு முகத்திலும் ஒரு நிம்மதி தெரியும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு அம்மா, குழந்தை பெற்று ஆறு மணி நேரம்தான் ஆகியிருக்கும், காலிங் பெல்லைத் தொடவே மாட்டேன் என்கிறார். உயிருக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? மதம் இதற்குக்கூட விடாதா?
(வார்டு உதவியாளர், ஈஸ்ட் ஹாம்)

விடும். தாராளமாக விடும். அவர்களுக்கே சில பேருக்கு அந்த நேரத்தில் அது நினைவுக்கு வராது, பழக்கம் கையைக் கட்டிவிடும், அதனால் நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சபத் என்பது அவர்களின் வாராந்திரப் புனித ஓய்வு நாள்; வெள்ளி சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி சனி இருட்டும் வரை, சுமார் 25 மணி நேரம். அதற்குள் மின்சாதனத்தை இயக்கக் கூடாது, எழுதக் கூடாது, வண்டியில் போகக் கூடாது, போன் எடுக்கக் கூடாது. பெல், கட்டிலை ஏற்றி இறக்கும் பொத்தான், தானாகத் திறக்கும் கதவு, பால் எடுக்கும் மெஷின், கையெழுத்து என்று வார்டில் நாம் யோசிக்காமல் செய்வதெல்லாம் இதில் அடங்கிவிடும். ஆனால் உயிரைக் காப்பது என்று வந்தால் சபத் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் அதே சட்டம்தான், அதற்குப் பிகுவாஹ் நெஃபேஷ் என்று பெயர். பிள்ளை பெறுகிறவளை உயிராபத்தில் இருப்பவளாகவே அவர்கள் சட்டம் எண்ணுகிறது. சுமார் 1,800 வருஷத்துக்கு முன் தொகுத்த மிஷ்னா என்ற யூதச் சட்ட நூலிலேயே, சபத்தில் பிரசவம் பார்க்கலாம், வேறு ஊரிலிருந்து மருத்துவச்சியை அழைத்து வரலாம், அவளுக்காகச் சபத்தை மீறலாம் என்று இருக்கிறது.

அதை விரித்துப் பேசும் தல்மூதில் ஓர் இடம் உண்டு. முதல்முதலில் ஒரு பாட்டியம்மா எனக்கு அதைச் சொன்னபோது நான் ரத்த அழுத்தம் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். பிரசவ வலியில் இருப்பவள் விளக்கு வேண்டும் என்றால் சபத்தில் விளக்கு ஏற்றலாம். சரி. அவள் கண் தெரியாதவளாக இருந்தால்? அப்போதும் ஏற்றலாம். அவளுக்குத்தான் வெளிச்சம் தெரியாதே, எதற்கு? 'எனக்கு ஏதாவது தேவைப்பட்டால் பக்கத்தில் இருக்கிறவளுக்குக் கண் தெரியும், பார்த்துச் செய்வாள்' என்று அவள் மனசு அமைதியாகும், அதற்காக. பிரசவத்தில் இருப்பவளின் மன அமைதிக்காகச் சபத்தையே மீறலாம் என்று சொன்ன மரபு அது. நம் வேலைக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் எங்கேயும் படித்ததில்லை.

1565இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் அரூஹ் என்ற சட்டத் தொகுப்பு இதற்கு நாள் கணக்கே வைத்திருக்கிறது. முதல் 3 நாள் அவளே வேண்டாம் என்றாலும் அவளுக்காகச் சபத்தை மீறலாம். அதன்பின் 7 நாள் வரை, அவள் வேண்டாம் என்று சொல்லாத வரை மீறலாம். 30 நாள் வரை யூதர் அல்லாதவர் மூலமாகத் தேவையானதைச் செய்து தரலாம். அதாவது உங்கள் மூலமாக, என் மூலமாக. ஆகவே அந்த அம்மாவிடம், 'ரத்தம் அதிகமாகப் போனாலோ, தலை சுற்றினாலோ பெல்லை அழுத்துங்கள், உங்கள் ரபியும் அதைத்தான் சொல்வார்' என்று வெள்ளி மாலையே சொல்லி வையுங்கள். அதோடு விடாமல் அரை மணிக்கு ஒரு தடவை நீங்களே எட்டிப் பாருங்கள். கையில் அடித்துக் கூப்பிடுகிற சின்ன மணி ஒன்றைத் தலைமாட்டில் வைத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் இருக்கிறது. 'இதைச் செய்யுங்கள்' என்று நேராகக் கேட்கப் பலர் தயங்குவார்கள். 'இந்த அறை ரொம்ப வெளிச்சமாக இருக்கிறது' என்றால் லைட்டை அணைக்கச் சொல்கிறார்கள். 'குழந்தைக்குக் குளிரும் போல' என்றால் ஹீட்டர். சம்மதப் படிவம் எதுவானாலும் சூரியன் மறைவதற்கு முன் கையெழுத்து வாங்குங்கள், இல்லையா, வாய்ச் சம்மதத்தைச் சாட்சி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மதியம் கட்டில் தேவை என்று டிஸ்சார்ஜ் செய்யாதீர்கள், அவர்களால் காரில் போக முடியாது, பச்சை உடம்போடு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள்.

மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். கோஷர் சாப்பாட்டை (யூத மத விதிப்படி செய்தது) தாளைப் பிரித்து, சூடு பண்ணி, நல்ல தட்டில் வைத்து அழகாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொடவே இல்லை. என்ன தப்பு?
(ஹாரோ)

பிரித்ததுதான் தப்பு. அந்தப் பெட்டி இரண்டு சுற்று உறையோடு சீல் வைத்து வரும். உறையோடு சூடாக்கி, உறையோடு கொடுத்து, அவர்கள் கையால் பிரிக்க விட்டுவிட வேண்டும், கூடவே பிரிக்காத பிளாஸ்டிக் கரண்டி. உங்கள் தட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதில் முன்னால் என்ன வைத்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, பாலும் கறியும் ஒரே பாத்திரத்தில் சேரக் கூடாது. சைவச் சாப்பாடு என்பதால் கோஷர் ஆகிவிடாது, இதை நம் ஆட்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். முழுசாக, வெட்டாத ஆப்பிளோ வாழைப்பழமோ கொடுத்தால் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். பல ஊர்களில் பிகுர் ஹோலிம் என்ற நோயாளிகளைப் பார்க்கும் தொண்டுக் குழுக்கள் மருத்துவமனைக்குள்ளேயே ஓர் அலமாரியிலோ அறையிலோ கோஷர் உணவு நிரப்பி வைப்பார்கள். உங்கள் இடத்தில் இருக்கிறதா என்று விசாரித்து வையுங்கள், ராத்திரி ரெண்டு மணிக்குப் பசிக்கிற அம்மாவுக்கு வழி காட்டலாம்.

ஆண் டாக்டர் பார்க்க ஒத்துக்கொள்வார்களா? தலையை மூடியபடியேதான் ஆபரேஷனுக்கும் வருவார்களா?
(நர்சிங் மாணவி, கோயம்புத்தூர்)

பெண் டாக்டர்தான் விருப்பம், ஆனால் தேவை என்றால் ஆண் டாக்டரைப் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கல்யாணமான பெண்கள் முடியை மூடியிருப்பார்கள், விக்கோ துணியோ. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது விக்கை எடுக்கச் சொல்வதற்கு முன்னாலேயே தொப்பியை நீட்டிவிடு, நடுவில் ஒரு நிமிஷம்கூட வெறுந்தலையாக நிற்க வேண்டாம். முழங்கைக்குக் கீழ் வரும் கவுன், கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவது, அவ்வளவுதான். கணவர் கைகுலுக்காவிட்டால் அவமதிப்பு என்று நினைக்காதே, மனைவியும் நெருங்கிய சொந்தமும் தவிர வேறு பெண்களை அவர் தொடுவதில்லை.

ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லில் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா மாசமாக இருந்தபோது குழந்தைத் துணி வாங்கிக் கொடுத்தேன், தயங்கித் தயங்கி வாங்கினார். பையன் பிறந்ததும் பெயர் என்ன என்றேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா?

இல்லை தம்பி, நேரம்தான் முந்திவிட்டது. பிறப்பதற்கு முன் எதுவும் வாங்கி வைக்காத வழக்கம் அவர்களில் பலருக்கு. நம் வீடுகளிலும் பிள்ளை பிறக்கும் முன் தொட்டில் வாங்காதே என்கிற பாட்டிகள் உண்டே. பையனுக்கு எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போதுதான் பெயர் சொல்வார்கள், பெண்ணுக்கு ஜெப ஆலயத்தில் தோரா வாசிக்கும்போது. அதற்கு முன் கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

எட்டாம் நாள் என்பதில் பிறந்த நாளும் சேரும்: செவ்வாய் பகலில் பிறந்தால் அடுத்த செவ்வாய். ஆனால் அவர்களுக்கு நாள் தொடங்குவது மாலையில், எனவே செவ்வாய் இருட்டியபின் பிறந்த குழந்தை புதன்கிழமைக் குழந்தை. எங்கள் வார்டில் இதற்குப் பெரிய மதிப்பு உண்டு. ஒரு டிசம்பர் வெள்ளிக்கிழமை, மணி நாலைத் தொட்டுக்கொண்டிருந்தபோது, தலை வெளியே வந்த நொடியில் திரைக்குப் பின்னாலிருந்து அப்பா கேட்ட முதல் கேள்வி 'எத்தனை மணி, எத்தனை நிமிஷம்?' என்பதுதான். அந்திப் பொழுதில் பிறந்தால் கணக்கு மாறும். சபத்தில் சுகப்பிரசவமாகப் பிறந்தவனுக்கு அடுத்த சபத்திலேயே செய்வார்கள், சிசேரியன் என்றால் சபத்தில் செய்யாமல் ஒரு நாள் தள்ளுவார்கள். அதனால் இதைப் படிக்கிற மிட்வைஃப்களே, சுமாராக நாலு மணி என்று எழுதாதீர்கள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்தோடு எழுதுங்கள். குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருந்தால் விருத்தசேதனம் தள்ளிப்போகும், ரத்தத்தில் அளவு என்ன என்று அப்பா நாலு தடவை கேட்பது அதற்குத்தான். உங்களை நம்பாமல் இல்லை.

யோம் கிப்பூர் என்ற யூத நோன்பு நாளன்று நிறைமாத கர்ப்பிணி 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து படுக்கிறார். திட்டலாமா, விட்டுவிடலாமா?
(மிட்வைஃப் பயிற்சியில் இருப்பவர்)

ரெண்டும் வேண்டாம். கர்ப்பிணியும் அன்றைக்கு நோன்பு இருக்க வேண்டும் என்பதுதான் விதி, ஆபத்து என்றால் இருக்கக் கூடாது என்பதும் விதி. பிள்ளை பெற்று 3 நாளுக்குள் இருப்பவளுக்கு நோன்பே கிடையாது. ஆகவே 'நோன்பு வேண்டாமே' என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது. 'உங்களுக்கு வலி வர ஆரம்பித்திருக்கிறது, நாடி இவ்வளவு, நீர்ச்சத்து குறைந்துவிட்டது, குடிக்காவிட்டால் ஆபத்து' என்று திட்டமாகச் சொல், இதையே ரபியிடமும் சொல்லச் சொல். நடுவில் ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள்: ஒரு வாய் நிறையாத அளவு, முப்பது நாற்பது மில்லி, ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு முறை குடிப்பது. மருந்து அளக்கிற சின்னக் கப்பில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குடித்தார்கள்.

குழந்தை இறந்து பிறந்தால் என்ன செய்வது?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

சீக்கிரம் அடக்கம் செய்வதுதான் அவர்கள் முறை, பிரேதப் பரிசோதனையைப் பொதுவாக விரும்ப மாட்டார்கள், ரபியிடம் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். இங்கிலாந்தில் 24 வாரத்துக்குப் பிறகு இறந்து பிறந்த குழந்தையைப் பதிவு செய்தாக வேண்டும், அந்தக் காகிதம் இல்லாமல் அடக்கம் நடக்காது. வெள்ளிக்கிழமை என்றால் சபத்துக்கு முன் முடிக்க நேரம் ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே மற்ற வேலையை வைத்துவிட்டு டாக்டரைத் துரத்திக் கையெழுத்து வாங்குங்கள். சமூகத்தின் அடக்கக் குழு மற்றதைப் பார்த்துக்கொள்ளும். 30 நாள் நிறையாத குழந்தைக்கு ஏழு நாள் துக்கம் காக்கும் ஷிவா சட்டப்படி கிடையாது. அதனால் அந்த அம்மாவுக்குத் துக்கம் இல்லை என்று ஆகாது. குழந்தையைப் பார்க்க வேண்டும், பிடிக்க வேண்டும் என்று சில பேர் கேட்பார்கள், சில பேருக்கு அது வேண்டாம். புகைப்படமும் அப்படித்தான். நீங்களாக முடிவு செய்யாமல் மெதுவாகக் கேளுங்கள், ஒரு தடவை வேண்டாம் என்றவளிடம் ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவையும் கேளுங்கள்.

நாமெல்லாம் வெளிநாட்டில் அனுசரித்துத்தானே போனோம்? இவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?
(சிங்கப்பூர்)

ஐயா, நமக்கும் செய்தார்கள். என் அக்கா இங்கே பிள்ளை பெற்றபோது, அம்மா பூண்டுக் குழம்பும் பத்தியச் சோறும் தூக்கில் கொண்டுவந்தார். பார்க்கும் நேரம் முடிந்த பிறகும் ஒரு அயர்லாந்து நர்ஸ் அம்மாவை உள்ளே விட்டார், சூடு பண்ணியும் கொடுத்தார். மதத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு பார்க்கக் கூடாது என்று இங்கே 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டமும் இருக்கிறது. ஆனால் எனக்கு முதல் காரணம் அது இல்லை. ஏழாவது எட்டாவது பிரசவம் என்றால் கருப்பை சில சமயம் சரியாகச் சுருங்காது, உதிரம் கொட்டும். அப்படிப்பட்டவள் பெல்லைத் தொட மாட்டாள் என்று தெரிந்து வைத்திருக்கிற நர்ஸ் ராத்திரியில் போய்ப் போர்வையை விலக்கிப் பார்ப்பாள், தெரியாதவள் தூங்குகிறாள் போல என்று நினைத்துக்கொண்டு போவாள். இந்தக் கவனிப்பு உயிர் சம்பந்தப்பட்டது.

எல்லா யூதர்களும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பக்கத்துக் கட்டிலில் இருக்கிற யூதப் பெண் போனில் பேசிக்கொண்டு, கணவன் தோளில் சாய்ந்திருக்கலாம். பெயரைப் பார்த்து முடிவு கட்டாமல், 'உங்களுக்கு எப்படிச் செய்தால் சரியாக இருக்கும்?' என்று முதல் நாளே கேட்டுவிடுவதுதான் என் வழக்கம்.

அவர்களிடம் சொல்ல ஒன்றிரண்டு வார்த்தை கற்றுக்கொடுங்கள் அக்கா.
(முதல் கேள்வி கேட்ட அதே செவிலியர்)

மாசமாக இருக்கிறவளிடம் 'மசல் தோவ்' சொல்லாதே, அது பிறந்த பிறகு. முன்னால் சொல்ல வேண்டியது 'பெஷாஆ தோவா', நல்ல வேளையில் நடக்கட்டும் என்று அர்த்தம், நம் கிழவிகள் 'நல்ல நேரத்துல பெத்து எழுந்திரு' என்பார்களே அதேதான். வெள்ளி மாலை 'குட் ஷபஸ்'. சனிக்கிழமை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு 'அ குட்டே வோக்', நல்ல வாரமாக இருக்கட்டும். அதைச் சொல்லிக்கொண்டே நான் அறைக்குள் போவேன், ஆனால் லைட்டை நான் போட மாட்டேன், சுவிட்சைக் காட்டிவிட்டு நிற்பேன், அவர்களே போட்டுக்கொள்வார்கள்.